பத்துக்கு மூன்று

டீக்குச் சர்க்கரை வேண்டாம், சார். வியாதி எதுவும் இல்லை. பகல் முழுக்கச் சர்க்கரையோடு மாரடிக்கிறவளுக்கு அது நாக்கிலும் வேண்டுமா என்கிற அலுப்புதான். எங்கள் பிரிவில் பாதிப் பேர் இப்படித்தான் வெறும் டீ குடிப்பார்கள். மற்றப் பிரிவுக்காரர்களுக்கு அதில் ஒரு சிரிப்பு.

அந்த ரெக்கார்டர் மெஷின் ஓடட்டும். நான் நிதானமாகத்தான் பேசுவேன். வக்கீல் வரும்வரை காத்திருக்கலாம் என்றீர்கள். அவருக்கு எதற்கு வீண் அலைச்சல்? நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: அத்தனை நல்ல மருந்தை விடாமல் போட்டும் என் அக்காவின் கை ஏன் தேறவில்லை. நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் தாளின் தலைப்பில் 'கொடுமை' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அது உறுத்துகிறது. அக்காவை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியவள் நான். எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

மனிதனுடைய ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒரு புரதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்கக் கவட்டைக் கம்பு மாதிரி இருக்கும். மேலே இரண்டு கை, கீழே ஒரு கால். கை போய் ஆளைப் பிடிக்கும். கால் உடம்பின் மற்றக் காவல்காரர்களைக் கூப்பிடும்: பிடித்துவிட்டேன், வந்து முடியுங்கள் என்று. அந்தக் கால் உண்மையில் இரண்டு பட்டையாகப் பிரிந்து நிற்கிறது. நடுவில், பட்டைக்கு ஒன்றாக, இரண்டு சின்னச் சர்க்கரைக் கொத்து செருகியிருக்கும். கொத்து இருந்தால் பட்டை இரண்டும் விரிந்து நிற்கும், கூப்பிடுவது மற்றவர்களுக்குக் கேட்கும். கொத்தை வெட்டிவிட்டால் பட்டை சுருங்கிவிடும். அப்போதும் கை பிடித்துக்கொண்டுதான் இருக்கும். கூப்பிடத்தான் முடியாது. பிடித்த பிடியில் சும்மா நிற்கும்.

எடை பார்த்தால் அந்தச் சர்க்கரை நூற்றில் இரண்டோ மூன்றோ பங்கு. அந்த இரண்டு பங்குக்காகத்தான் எங்கள் தொழிற்சாலையில் ஒரு தனிப் பிரிவு, அதற்குக் கண்ணாடிக் கதவு, அதற்குள் நான். பெரிய கலனில் செல்களை வளர்த்து இந்தப் புரதத்தை மருந்தாகச் செய்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியும் வெளியே போவதற்கு முன் என் மேசைக்கு வரும். சர்க்கரையை வெட்டி எடுத்து, சாயம் ஏற்றி, மெல்லிய குழாய் வழியே ஓடவிடுவேன். திரையில் குட்டையும் நெட்டையுமாகக் குன்றுகள் எழும். எந்தக் குன்று எந்தச் சர்க்கரை, எது எவ்வளவு, எல்லாம் எனக்கு ஒரு பார்வையில் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு நம்பரை மாற்றி எழுதியவள் இல்லை நான். மேலாளர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், முறைத்திருக்கிறார்கள். ஊஹூம்.

இனி அக்காவுக்கு வருகிறேன்.

அக்கா பஸ் ஓட்டுகிறவள். நகரத்து பஸ், ஜனங்கள் பிதுங்கி வழியும் வழித்தடம். அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தால் எதிரே வருகிற லாரிக்காரன் தானாக ஒதுங்குவான் என்று அவளோடு ஓடிய கண்டக்டர் சொல்லுவார். அவர் கொஞ்சம் அளக்கிற ஆள்தான், ஆனால் அது உண்மை. குரல் அப்படி, சிரிப்பு அப்படி. ஒரு அறைக்குள் நுழைந்தால் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். நான் முனைவர் பட்டம் வாங்கி, பத்திரிகைகளில் கட்டுரை எழுதி, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து சந்தேகம் கேட்கிற அளவுக்கு ஆன பிறகும் எங்கள் தெருவில் எனக்குப் பெயர் 'டிரைவரோட தங்கச்சி'. பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தகவலுக்குச் சொன்னேன்.

எங்கள் இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கு நேரம் இல்லாமல், எனக்கு ஆள் இல்லாமல். அவள் பணிமனைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள், நான் ஊரின் இந்தக் கோடியில் இருந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை சாப்பிட வருவாள். வந்ததும் வீடே அதிரும். போனதும் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்தான் மிச்சம்.

பிறகு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கியரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கையை எடுக்கவே முடியாமல் பஸ்ஸை நடுச் சாலையில் நிறுத்தியிருக்கிறாள். வண்டி ஓட்டக்கூடாது என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். நான்தான் போய் அவளை அழைத்து வந்தேன்.

"ரெண்டே மாசம்டி. கை சரியானதும் பெட்டியத் தூக்கிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன். அதுவரைக்கும் என்னை சகிச்சுக்கோ" என்றாள்.

சகிப்பதாவது. சார், நான் ஒளிக்காமல் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். காலையில் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன், தலை வாரிவிடுவேன். மதியத்துக்குச் சாப்பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மூடி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் சாவி திருகுகிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்: "வந்துட்டியா? ஏண்டி இவ்வளவு நேரம்?" அதற்கு முன் எனக்காக ஒரு ஜீவன் காத்திருந்தது கிடையாது. லேட்டானால் யாராவது கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கிய வயசெல்லாம் எனக்கு உண்டு. அது அப்போது கிடைத்தது. தெருவில் நடக்கும்போது எனக்கே நடை வேகமாகிவிடும்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறீர்கள். ஆனால் அவளுக்கு அந்த ஊசியை ஏற்பாடு செய்ததே நான்தான். எங்கள் தொழிற்சாலையில் செய்கிற ஊசி, என் கையால் சோதித்து அனுப்பிய ஊசி. இந்த வியாதியில் உடம்பே உடம்புக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. அதைத் தூண்டிவிடுகிற செல்களைத் தேடிப் பிடித்து, ஆள் கூப்பிட்டு முடிப்பதுதான் இந்த மருந்தின் வேலை. மூட்டு டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். குப்பிகளை வாங்கி வந்து எங்கள் ஃப்ரிட்ஜில் வைத்து நானே போட்டுவிட்டேன். எங்கள் மருந்து அக்காவின் கையைத் திறந்து காட்டட்டும் என்று எனக்கு ஒரு பெருமை.

திறந்தும் காட்டியது. சொல்லப்போனால், கொஞ்சம் அதிகமாகவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஜாம் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூடி இறுகிவிட்டது. அக்கா எழுந்து வந்து பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, ஒரே திருகு. 'டப்' என்று திறந்துகொண்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. கையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அப்புறம் கூரை பறக்கிற மாதிரி சிரித்தாள்.

"இதைத் திறக்கத் தெரியாமயாடி அவ்வளவு படிச்ச?"

நானும் சிரித்தேன். மூடியைத் திரும்பப் போட்டு, முன்னைவிட இறுக்கமாகத் திருகி வைத்தேன்.

அதன்பிறகு கண்டக்டர் அடிக்கடி வர ஆரம்பித்தார். உடம்பு சரியில்லாதபோது எட்டிப் பார்க்க மாதத்தில் ஒரு தடவை வந்தவர், இப்போது வாரத்தில் இரண்டு தடவை. சோபாவில் செருப்புக் காலோடு உட்காருவார். "டிரைவரம்மா, உங்க சீட்ல இப்ப ஒரு ஆளு உக்காந்திருக்கான், பிரேக் போட்டா பாதி ஜனம் முன்னாடி வந்து விழுது. எப்ப வர்றீங்க?" என்பார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். டாக்டர் சான்றிதழ் தந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பணிமனையில் சொன்னார்களாம். பழைய வீட்டைக் கண்டக்டர் ஆள் வைத்துப் பெருக்கி வைத்திருக்கிறாராம். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். நான் டீ கொண்டுவந்து வைத்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் சத்தமே இல்லை. "அக்கா" என்று கூப்பிட்டேன். குளியலறையைப் பார்த்தேன், மாடியைப் பார்த்தேன். வெளியே சாவியால் பூட்டினால் உள்ளே விழுகிற எங்கள் வாசல் தாழ்ப்பாள் பழைய காலத்து இரும்பு. உள்ளேயிருந்து கெட்டியாகப் பிடித்துத் திருகினால்தான் நகரும். அதைத் தானே திறந்துகொண்டு வெளியே போயிருக்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் கண்டக்டரோடு வந்தாள். பணிமனைக்குப் போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வந்தாளாம். முகமெல்லாம் வெயில்.

"பயந்துட்டியா? நான் என்னடி குழந்தையா? இனிமே உனக்குத் தொல்லையே கிடையாது" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நன்றாகவே வலித்தது. விரலில் அவ்வளவு பலம் வந்திருந்தது.

தொல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா, சார்?

சரி. செய்த வேலைக்கு வருகிறேன். சர்க்கரையை வெட்டுவதற்கு எங்களிடம் ஒரு நொதி இருக்கிறது. ஆன்டிபாடியின் காலில் இருக்கிற அந்தக் கொத்தை மட்டும் தேடிப் போய் வெட்டும், வேறெதையும் தொடாது. அதைச் சின்னச் சின்ன மணிகளில் ஒட்டி ஒரு குட்டிக் குழலில் அடைத்து வைத்திருப்போம். மேலே மருந்தை ஊற்றினால் கீழே சர்க்கரை இல்லாத மருந்து இறங்கும். எங்கள் பிரிவில் அதற்கு 'மொட்டை' என்று பெயர். "ரெண்டு மொட்டை போட்டு வைங்க" என்றால் இதுதான் அர்த்தம். தினப்படி வேலை. ஃப்ரிட்ஜில் இருந்த குப்பியை என் சாப்பாட்டுப் பையில் ஐஸோடு வைத்து எடுத்துப் போனேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மொட்டை போட்டு, கிருமி வடிகட்டியில் வடித்து, திரும்பவும் குப்பியில் அடைத்தேன். வடிகட்டியது மட்டும் இல்லை, சுத்தமாக இருக்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன். சோதிக்காத ஒன்றை அக்கா உடம்பில் ஏற்றுகிற ஆள் நான் இல்லை.

வெறும் தண்ணீரைப் போட்டிருக்கலாமே, இவ்வளவு வேலை எதற்கு என்று நேற்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. டாக்டர் அவ்வப்போது ரத்தம் எடுத்து அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். தண்ணீர் கலந்தால் அளவு குறைந்து, அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனை கையை மட்டும்தான் பார்க்கும், காலைப் பார்க்காது. மொட்டை மருந்து ரத்தத்தில் ஜம்மென்று முழு அளவும் இருக்கும். அளவு சரி, பிடிக்கிற கையும் சரி. கூப்பிடுகிற குரல் மட்டும் இல்லை.

முதலில் முழு மொட்டையாகத்தான் போட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வியாதி முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்துவிட்டது. டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஒரு நாள் காலை படுக்கையில் புரள முடியாமல் அழுதாள். நான் பதறிப்போனேன். வலியில் துடிக்கிறதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நான் அப்படிப்பட்டவள் இல்லை. உடனே அடுத்த குப்பியில் பாதி நல்லது, பாதி மொட்டை என்று கலந்தேன். அது கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. சில வாரத்தில் தாழ்ப்பாளில் கை வைத்து அசைத்துப் பார்க்கிறாள். மெல்லக் குறைத்தேன். பத்துக்கு மூன்று நல்லது, ஏழு மொட்டை என்கிற இடத்தில் வந்து நின்றது.

அந்த அளவில் அக்கா டம்ளரைப் பிடிப்பாள், ஸ்பூனைப் பிடிப்பாள், டிவி ரிமோட் அமுக்குவாள், பேப்பரில் பக்கம் திருப்புவாள். சட்டைப் பொத்தான் வராது. மூடி திறக்க வராது. வாசல் தாழ்ப்பாள் வராது. வலி இருக்கும், ஆனால் அழுகிற அளவுக்கு இருக்காது. எவ்வளவு கவனமாகப் பார்த்துப் பார்த்து அந்த அளவைப் பிடித்தேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். கொடுமைக்காரி இப்படிச் செய்வாளா? வெளியே ஒரு ஆள்கூட இவ்வளவு நுணுக்கமாக ஒரு நோயாளியைக் கவனித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வியாதிக்காரர்களின் சொந்த ஆன்டிபாடியை எடுத்துப் பார்த்தாலே கொத்தின் நுனியில் இருக்க வேண்டிய சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும். அது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதாவது அவள் உடம்பு தானாகவே நுனியைக் கிள்ளத் தொடங்கிவிட்டது. நான் கொஞ்சம் கீழே தள்ளி வெட்டினேன். எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நீங்களே யோசியுங்கள்.

டாக்டருக்குத்தான் தலை சுற்றிவிட்டது. "மருந்து ரத்தத்துல நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா வேலை செய்ய மாட்டேங்குது. என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததே இல்லை" என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அதில் அக்காவின் முகம் ஊதிவிட்டது, தோல் காகிதமாகிவிட்டது, லேசாக இடித்தாலே கன்றிவிடும். அதை எல்லாம் நீங்கள் என் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையை எழுதியது நானா? மாத்திரை வேண்டாம் என்று நான் ஒரு தடவை டாக்டரிடம் சொல்லிக்கூடப் பார்த்தேன்.

பணிமனையில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று சாயங்காலம் அக்கா என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பெரிய உருவம், என் மடி கொள்ளாது.

"நீ மட்டும் இல்லன்னா நான் நாதியத்துப் போயிருப்பேன்டி. இவ்வளவு படிச்சுட்டு என் கால்மாட்டுல கிடக்கிற. எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

நான் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன். இருவரும் அழுதோம். அவளைவிட நான் அதிகமாக அழுதேன். நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அதற்கு முன் கிடையாது. குழந்தையாக இருந்தபோதுகூட அவள் என்னை அப்படி அண்ட விட்டதில்லை.

இப்படியே வருஷக்கணக்கில் போயிருக்கும். கெடுத்தது கண்டக்டர். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை. ஓய்வு வாங்கிவிட்டார், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் வந்து, அக்காவிடம் வெளியிலிருந்து பேசி, மாடி வீட்டுக்காரரிடம் இருக்கும் மாற்றுச் சாவியை வாங்கிக் கதவைத் திறந்திருக்கிறார். ஃப்ரிட்ஜில் இருந்த குப்பியோடு அவளை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார். "இன்னைக்கு ஊசிய நீங்களே போடுங்க டாக்டர்" என்றாராம். நான் ஊசி போடுவதில் ஏதோ கோளாறு என்று அவருக்கு ஒரு நினைப்பு. என் கையில் ஊசி தப்பாகப் போகுமா? டாக்டர் போட்டுவிட்டு, குப்பியின் அடியில் இருந்த மிச்சத்தை எடுத்து வைத்துக்கொண்டாராம்.

சாயங்காலம் நான் வந்ததும் அக்காவே எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தில் ஒரு தெம்பு.

"மிச்ச மருந்தை உங்க ஃபேக்டரிக்கே அனுப்புறாராம்டி, கோளாறு இருக்கான்னு பார்க்க. அது உங்கிட்டதானே வரும்? என் தங்கச்சி கைக்குப் போனா உண்மை தெரிஞ்சுரும், அவ நம்பர் பொய் சொல்லாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்தேன்."

அவள் என் வேலையைப் பற்றி இன்னொரு ஆளிடம் பெருமையாகப் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது வந்தது. சின்னக் குழாய், மேலே ஒரு எண், பெயர் கிடையாது. நான் வழக்கம்போல வெட்டினேன், சாயம் ஏற்றினேன், ஓடவிட்டேன். குன்றுகள் எழுந்தன. எல்லாம் அதனதன் இடத்தில், ஆனால் குட்டை குட்டையாக. புரதத்தின் அளவுக்கு வர வேண்டிய சர்க்கரையில் பத்துக்கு மூன்று பங்குதான் இருந்தது. நான் கலந்தது பத்துக்கு மூன்று, அளந்ததும் பத்துக்கு மூன்று. கலக்கிய கையும் சரி, அளந்த கையும் சரி. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தத் திரையைப் பார்த்து ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். என்னைவிட வயதில் சின்னவர், பிரச்சினை என்றாலே முகம் வெளுத்துவிடும்.

"என்ன மேடம் இது, இப்படியெல்லாம் வரவே வராதே. உங்க ரன் ஃபெயில் ஆயிருக்கு. கருவிக் கோளாறுன்னு எழுதி மூடிருங்க. நாம வச்சிருக்கிற சாம்பிள் நல்லா இருக்குன்னு டாக்டருக்கு ஒரு பதில் போட்டுரலாம்."

பாருங்கள், சார். கதவை அவரே திறந்துவிட்டார். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்போது வீட்டில் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பேன். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் என் கையில் ஓடிய ஓட்டம் தோற்றுவிட்டது என்று என் பெயரைப் போட்டு ஒரு தாள் வெளியே போவதா? அந்த ஆள் முந்தாநாள் வந்தவர். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் கண் முன்னாலேயே திரும்ப ஓட்டினேன், அப்புறம் இன்னொரு தடவையும் ஓட்டினேன். பத்துக்கு மூன்று, பத்துக்கு மூன்று. அதோடு நிற்கவில்லை. மொட்டைப் புரதத்தைத் தனியே எடுத்து எடை பார்த்தேன். காலில் ஒரே ஒரு சர்க்கரைக் குச்சி, அதன் பக்கவாட்டில் ஒரு துணுக்கு. எங்கள் மணிகளில் இருக்கிற நொதி வெட்டினால்தான் அப்படி ஒரு அடிக்கட்டை மிஞ்சும். செல் தவறி விட்டதும் இல்லை, மருந்து கெட்டுப் போனதும் இல்லை. தேர்ந்த ஒருவர் வேண்டுமென்றே வெட்டி, அளந்து கலந்திருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்டு மிகச் சுத்தமாக இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். அது உண்மைதான்.

அந்த மணிகள் இருக்கிற அலமாரிக்குச் சாவி என்னிடம் மட்டும்தான். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

என் நேர்மைக்கு அந்த ஒரு ரிப்போர்ட் போதாதா என்று கேட்கிறேன். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே உண்மையை எழுதியவளை வஞ்சகி என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆனால் நீங்கள் சுற்றி வளைக்காத ஒரு பதில் கேட்டீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அக்காவின் மருந்தில் சர்க்கரையை வெட்டியது நான்தான். கை தேறினால் அவள் போய்விடுவாள் என்பதற்காகவே வெட்டினேன். வேறு காரணம் இல்லை. அவளுக்கு எது முடியலாம், எது முடியக்கூடாது என்று முடிவு செய்ததும் நான்தான். வலது கையில் இரண்டு விரலும் மணிக்கட்டும் அப்படியே இறுகிவிட்டன, இனி எந்த மருந்துக்கும் திரும்பாது என்று டாக்டர் எழுதியிருப்பதைக் காட்டினீர்கள். அதுவும் என்னால்தான். மற்ற விரல்கள் நல்ல ஊசியில் மெல்ல அசைகின்றன என்றீர்கள். எங்கள் ஊசி அப்படித்தான் வேலை செய்யும், நான் சொல்லவில்லையா? இப்போது தன்னுடைய பழைய வீட்டிலேயே இருக்கிறாளாம், என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாளாம். கண்டக்டர் ஓதியிருப்பார். கோபம் எல்லாம் நாலு நாளைக்குத்தான், எனக்கு அவளைத் தெரியாதா?

கடைசியாகப் புகார்த் தாளை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். கண்டக்டர் எழுதிக் கொடுத்தார், கையெழுத்தை மட்டும் அக்காவே போட்டாள், பக்கத்தில் ஒருவரையும் அண்ட விடவில்லை என்றீர்கள். நன்றாகப் பார்த்தேன். முதல் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிக் கிடக்கிறது, கடைசி எழுத்து கோட்டை விட்டே இறங்கிவிட்டது. பேனாவை முஷ்டியில் பிடித்து அழுத்தியதில் தாள் ஒரு இடத்தில் கிழிந்தும் இருக்கிறது. பாவம், எவ்வளவு நேரம் பாடுபட்டாளோ. எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்து, கையைப் பிடித்து, நேராகப் போட வைத்திருப்பேன்.